பசியோடு தூங்கப் போன கரடி

என் மனைவிக்குக் கதை சொல்ல வராது. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். "கதையெல்லாம் எனக்கு வராதுங்க. ஊட்டத் தெரியும், மூக்கு துடைக்கத் தெரியும், தூங்க வைக்கத் தெரியும், அவ்வளவுதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவாள். மாடி வீட்டுக் குழாய் உடைந்ததை அவள் விவரித்தால் கேட்பவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிடம் தோற்றுக்கொண்டிருப்பவன் நான். அவளுக்குத்தான் கதை வராதாம்.

அவள் தொழில் குழந்தை பார்த்துக்கொள்வது. வேலைக்குப் போகும் அம்மா அப்பாக்கள் காலையில் பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கு முன் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடையை மூடிய சமயத்தில் கீழ்வீட்டுக்காரி, "அக்கா, ஒரு வாரம் மட்டும் எங்க இரட்டைங்களைப் பார்த்துக்குறீங்களா?" என்று கெஞ்சினாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. இரட்டையர்களுக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை வந்தது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கும். அதனால் அவள் பெயரே ஏன்பாப்பா என்று ஆகிவிட்டது. பிறகு அரசாங்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அறையை அளந்து, சுவரில் இருக்கும் மின்சாரத் துளைகளை எல்லாம் மூடச் சொல்லி, அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்கள். இஸ்திரி புத்தி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகளின் கைக்குட்டைகூட முனையோடு முனை சேர்ந்துதான் மடிந்திருக்கும்.

நான் ரொட்டி சுடுகிறவன். ஊர் தூங்கும்போது அடுப்படியில் நிற்பேன், ஊர் எழுந்ததும் வந்து படுப்பேன். எங்களுக்கு இருப்பது ஒரே படுக்கையறை. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று குழந்தைகள் இருக்கும் கூடத்துக்கும் இன்னொன்று சமையலறைக்கும் போகும். குழந்தைகள் வருவதற்குள் நான் உள்ளே போய்விடுவேன், அவர்கள் கிளம்பிய பிறகுதான் எழுவேன். அவர்களுக்கு நான் 'தூங்குற மாமா'. ஏன்பாப்பாவுக்கு அப்படி ஒரு மாமா இருக்கிறார் என்பதிலேயே சந்தேகம் உண்டு.

கடைசியாக வந்து சேர்ந்தவன் ஜட்ஜ். பேச்சு இன்னும் சரியாக வராத வயது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நடப்பதை எல்லாம் விசாரித்துத் தீர்ப்பை ஒத்திவைப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பான். பெயர் வைத்தது என் மனைவிதான். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தனியாகவே பிள்ளையை வளர்க்கிற பெண்.

அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒரு மேடம் வருவார். வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறவர்களுக்கு உதவி செய்வதுதான் அவர் வேலை. குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர் என்று முதலில் நாங்கள் பயந்தோம். துணிப்பையைத் திறந்தார், உள்ளே ஒரு பழைய தொப்பி, ஒரு மரக்கரண்டி, ஒரு நீலத் துணி. என் மனைவி அப்போதெல்லாம் சுவரில் அட்டை மாட்டி, "இது என்ன? ஆப்பிள். சொல்லு, ஆப்பிள்" என்று பாடம் நடத்துவாள். குழந்தைகளும் கைதிகள் மாதிரி சொல்லும்.

"அட்டையைக் கொஞ்ச நாள் கழட்டி வையுங்க" என்றார் மேடம். "ஒரு கடை வையுங்க, பஸ் ஓட்டுங்க. ஒரு கதையைச் சொல்லாம நடிச்சுக் காட்டுங்க. அவங்க தானா பேசுவாங்க, தானா எண்ணுவாங்க, சண்டை போட்டு சமாதானமும் ஆவாங்க. அதுதான் இந்த வயசுக்குப் படிப்பு."

"நடிக்கிறதா? நானா? நல்ல ஆளைப் பார்த்தீங்க மேடம்!"

மேடம் நீலத் துணியைத் தரையில் விரித்து, "ஐயோ, ஆறு!" என்று மட்டும் சொன்னாராம். இரட்டையர்கள் இருவரும் உடனே காலைத் தூக்கிக்கொண்டு சோபாவில் ஏறிவிட்டார்கள். என் மனைவி அன்று சாயங்காலம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "வெறும் துணிங்க. நனைஞ்சிடும்னு ஏறிடுச்சுங்க!"

அதோடு போயிற்று என் தூக்கம். நாற்காலிகள் பஸ் ஆயின. தலையணைகள் மலை ஆயின. சுவருக்கு அந்தப் பக்கம் கடை திறந்தார்கள், கப்பல் மூழ்கியது, யாருக்கோ ஊசி போட்டார்கள்.

"ஏம்மா, பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவா ஓட்டக் கூடாதா? மனுஷன் தூங்க வேணாமா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"ஹார்ன் அடிக்காம ஓட்டினா ஆள் மேல ஏறிடும்ங்க" என்றாள்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, எரிச்சலுக்கு நடுவில் நானும் சுவரில் காதை வைத்துக் கேட்கத் தொடங்கியிருந்தேன். இன்றைக்குக் கப்பல் எங்கே போகிறது என்று தெரியாமல் தூக்கம் வர மறுத்தது.

மேடம் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார். "வேஷம் போட்டா, குழந்தைங்க கண்ணு முன்னாடி போடுங்க. கழட்டும்போதும் கண்ணு முன்னாடி கழட்டுங்க. சின்னதுங்களுக்கு வேஷம் எது, ஆள் எதுன்னு தெரியணும்." என் மனைவி மற்ற எல்லாவற்றையும் கேட்டாள், இதை மட்டும் காற்றில் விட்டுவிட்டாள். திடீரென்று வந்து நின்றால்தானே மஜா என்று அவளுக்கு ஒரு ஆசை.

சிவபூஜையில் கரடி புகுந்த மாதிரி என்பார்கள். என் தூக்கத்தில் நிஜமாகவே புகுந்தது. ஒரு நாள் நன்றாக அசந்திருந்தபோது மேலே இருந்த போர்வை உருவப்பட்டது. கண்ணைத் திறந்தால், என் பழுப்பு நிறக் கம்பளிப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவள் குனிந்து நின்றாள். "சத்தம் போடாதீங்க, நான் கரடி" என்று கிசுகிசுத்துவிட்டு, நாலு காலில் கூடத்துக்குப் போனாள்.

அங்கே எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே! பயக் கூச்சல் இல்லை, சந்தோஷக் கூச்சல். கரடி உறுமிக்கொண்டே "பசிக்குது, பசிக்குது" என்று ஒவ்வொருவரிடமும் மோப்பம் பிடித்தது. இரட்டையர்கள் பிளாஸ்டிக் பழங்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். ஏன்பாப்பா, "ஏன் பசிக்குது? காலையில சாப்பிடலையா?" என்று விசாரித்தாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது.

"யாருமே கரடிக்குச் சாப்பாடு தரலை! பாவம் கரடி, பசியோட தூங்கப் போயிடுச்சு. மீதிக் கதை நாளைக்கு!" என்று அவசரமாகக் கதையைச் சுருட்டிக்கொண்டு கரடி அறைக்குள் ஓடி வந்தது. கதவைச் சாத்தியது. போர்வையை என் மேல் எறிந்தது. சமையலறைக் கதவு வழியாகப் பாலுக்கு ஓடியது. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி தூங்கிப் போனேன். மறுநாள் குழந்தைகள் பஸ் வேண்டும் என்று அடம்பிடிக்கவே, கரடியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் எறும்பு வந்தது. கூடத்துப் பக்கக் கதவின் கீழே சாரை சாரையாகப் போகும். கதவருகே தூள் தூளாக ஏதோ கிடக்கும், எழுந்ததும் காலில் ஒட்டும். "பிள்ளைங்க தின்னுட்டு அங்கேயே சிந்துறாங்க, நீ பார்க்குறதே இல்லை" என்று நான் கத்துவேன். "நீங்க அடுமனையிலிருந்து உடம்பெல்லாம் ரொட்டித்தூளோட வந்து படுக்குறீங்க, எறும்பு வேற எங்க போகும்?" என்பாள் அவள்.

பிறகு நர்ஸ் வந்தாள். ஒரு சாயங்காலம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இவன் இங்க சாப்பிடுறானா?"

"தட்டைத் துடைச்ச மாதிரி சாப்பிடுறான். ரெண்டாவது தடவைகூடக் கேட்டு வாங்குறான்."

"வீட்டுக்கு வந்ததும் பசி பசின்னு அழுறான். ஒரு நாள் சாப்பாட்டை ரெண்டு வாயில முழுங்குறான். எடையும் குறைஞ்சிருக்கு."

என் மனைவி வாயடைத்துப்போய் நின்றதை அன்றுதான் நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அடுத்த சில நாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியாகத்தான் ஆகிறது. ஆனால் மற்றவர்களும் இருக்கிறார்களே, ஒருத்திக்கு மூக்கு துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இவன் சாப்பிட்டு முடித்திருப்பான். "பசிக்குதாடா கண்ணா?" என்று கேட்டால் "பசி" என்று எங்கள் அறைப் பக்கம் கையைக் காட்டுவான். பக்கத்தில்தான் சமையலறை வாசல். இவள் ஓடிப்போய் இன்னொரு ரொட்டித் துண்டு கொண்டுவருவாள். அதுவும் காணாமல் போகும். இரட்டையர்கள் பிடுங்கித் தின்கிறார்களோ என்று அவர்கள் வாயைத் திறந்துகூடப் பார்த்தாள். எடை குறைகிற பிள்ளையின் தட்டு எப்படிக் காலியாகிறது? இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அந்த வாரக் கடைசியில் நர்ஸ் போனில் கூப்பிட்டாள். குரல் தணிந்துதான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. பிள்ளையின் சட்டைப் பையில் ரொட்டித் துண்டு இருந்ததாம். வீட்டில் கொடுத்ததில் பாதியை ஒளித்து, காலையில் இங்கே எடுத்து வரப் பார்த்திருக்கிறான்.

"பட்டினி கிடக்குற குழந்தைங்கதான் சாப்பாட்டைப் பதுக்கும்னு எங்க வார்டில சொல்லிக் கொடுத்திருக்காங்க. இங்க கிடைக்காதுன்னு தெரிஞ்சுதானே அவன் கொண்டுவர்றான்? ஆபீஸ் மேடத்துக்குச் சொல்லிட்டேன் அக்கா. நாளைக்கு அவங்களோட வர்றேன்."

என் மனைவி போனை வைத்துவிட்டு, மடித்த துணிகளை எல்லாம் எடுத்துப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. "என்ன தைரியம் அந்தப் பொண்ணுக்கு? நான் பேசுறேன்" என்று எழுந்தேன்.

"பேசாதீங்க. அவ இடத்துல நான் இருந்தா நானும் அதையேதான் கேட்பேன்" என்றாள். மடித்து வைத்த அடுக்கை மறுபடி கலைத்துவிட்டு, "குழந்தைக்குச் சோறு போடாதவள்னு ஒரு பேர் வந்தா, அதுக்கு மேல நான் எதுக்குங்க?" என்றாள். அனுமதி போவது அவளுக்குப் பெரிதாகவே தெரியவில்லை. அந்தப் பேர்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் அடுமனையிலிருந்து வந்து படுத்தேன், கண் மூடவில்லை. எப்போது அசந்தேனோ தெரியாது. கூடத்தில் பெரியவர்களின் பேச்சுக் குரல் கேட்டு விழிப்பு வந்தது. மேடத்தின் நிதானமான குரல். நர்ஸின் தழுதழுத்த குரல். "நான் அவங்களைக் கெட்டவங்கன்னு சொல்லலை மேடம். என் பிள்ளைக்கு ஏன் பசிக்குதுன்னு மட்டும் தெரியணும்." என் மனைவியின் குரலே கேட்கவில்லை. இனிப் பொறுக்க முடியாது, போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போர்வையோடு எழுந்தேன்.

அப்போது கதவின் கீழ் இடுக்கில் ஏதோ நகர்ந்தது.

ஒரு ரொட்டித் துண்டு. பாதி உள்ளே வந்து நின்றது. சின்ன விரல்கள் இரண்டு அதைப் பின்னாலிருந்து தள்ளின. இன்னும் கொஞ்சம் வந்தது. நேற்று நான் சுட்ட ரொட்டிதான், ஓரத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நான் தரையில் குப்புறப் படுத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். மறுபக்கம் ஒரு கண்.

"யாருக்குடா?" என்றேன் மெதுவாக. தூக்கத்தில் என் தொண்டை உறுமல் மாதிரிதான் வரும்.

"கரடி... சாப்பிடு" என்றது அந்தப் பக்கம்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கதவோரத்தில் செங்கல் மேல் வைத்திருந்த இரும்புப் பெட்டியை நகர்த்தினேன். அதன் அடியில் காய்ந்த ரொட்டி, பிஸ்கட், சுருங்கிப்போன ஆப்பிள் துண்டு, தட்டையாக இருந்து இடுக்கில் நுழையக்கூடிய எல்லாம் குவிந்து கிடந்தன. எறும்புகளுக்குக் கல்யாண விருந்து. கரடி இந்த அறைக்குள் போனதை அவன் பார்த்தான், திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. அவன் அத்தை, அதாவது என் மனைவி, சமையலறையிலிருந்துதான் வந்தாள். பசியோடு தூங்கப் போன கரடி உள்ளேயேதான் இருக்கிறது. அதற்கு அத்தாட்சியும் உண்டு. தினமும் கதவுக்குப் பின்னாலிருந்து உறுமல் கேட்கிறதே! என் குறட்டையைப் பற்றி என் மனைவி எத்தனையோ சொல்லியிருக்கிறாள், இப்படி ஒருவன் நம்பி ஏமாந்ததில்லை.

நான் கதவைத் திறந்தேன். யோசித்துத் திறக்கவில்லை. தோளில் பழுப்புப் போர்வை, சவரம் செய்யாத முகம், தலைமுடி நாலாபக்கமும் நின்றுகொண்டிருந்தது. ஏன்பாப்பா சோபாவுக்குப் பின்னால் போனாள். ஜட்ஜ் மட்டும் அசையவில்லை. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். பயந்திருந்தான், கீழ் உதடு நடுங்கியது. ஆனாலும் கையிலிருந்த அடுத்த துண்டை என் பக்கம் உயர்த்தி நீட்டினான்.

நான் பிறந்த நாள் முதல் நடித்ததில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவன் கையிலிருந்து ரொட்டியை வாயால் வாங்கித் தின்றேன். எச்சில் பட்டு நமுத்துப்போயிருந்தது. முழுதாக விழுங்கினேன்.

"பசி போச்சா?" என்று கேட்டான் அவன். அவன் அவ்வளவு பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"போச்சு" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்?

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திறந்த கதவு வழியே அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவிதான் முதலில் அசைந்தாள். மேடத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்து ஜட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையையும் சேர்த்துப் பிடித்து, என் மேலிருந்த போர்வையை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தாள். "பாரு கண்ணா, இது போர்வை. இது மாமா. அன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டது நான்." போர்வையைத் தன் தலையில் போட்டு, "உர்ர்" என்றாள், எடுத்தாள். மறுபடி போட்டாள், எடுத்தாள். அவன் போர்வைக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. என் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் யோசித்தான். நாங்கள் எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"மாமா பசி" என்றான்.

முதலில் சிரித்தது நர்ஸ்தான். சிரித்துக்கொண்டே அழுதாள். "என்னை மன்னிச்சுடுங்க அக்கா" என்று இவள் கையைப் பிடித்தாள். "நீ கேட்டது சரிதாம்மா. நான்தான் மீதிக் கதை நாளைக்குன்னு சொல்லிட்டு மறந்துட்டேன்" என்றாள் இவள். மேடம் தரையில் உட்கார்ந்து அந்தக் காய்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு நாள் ஒரே கதைக்குள்ள இருந்திருக்கான்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாரத்துல ஒரு நாள் நடிக்கலாமே சார்" என்றார். எனக்கு வேலைக்கு மேல் வேலை.

திங்கட்கிழமை நர்ஸ் பிள்ளையோடு இரண்டு டப்பா கொடுத்து அனுப்பினாள். ஒன்று அவனுக்கு. மற்றது கரடிக்கு என்றாள்.

என் மனைவி இப்போதும் தனக்குக் கதை வராது என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறாள். நன்றாகக் கரடி விடுகிறாள். வேஷத்தை மட்டும் எல்லோர் கண் முன்னாலும்தான் போடுகிறாள், கழற்றுகிறாள். போர்வைக்குள் இருப்பது மாமா என்று ஜட்ஜுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தும், தன் தட்டில் ஒரு துண்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு, தினமும் என் கதவைத் தட்டுகிறான். நான் எழுந்து போய்த் திறக்கிறேன். ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போடுகிறவன் நான். நீ சாப்பிட்டாயா என்று என் வீட்டுக்காரியைத் தவிர யாரும் என்னைக் கேட்டதில்லை.

"மாமா, சாப்பிடு" என்கிறான். வாங்கித் தின்றுவிட்டுத்தான் மறுபடி படுக்கிறேன்.